பதினேழாவது படம்

படங்களைத் தெரிந்தெடுத்தது அற்புதராணிதான். அதுதான் அவளுக்கு ஆறாத எரிச்சல். வேறு யாரும் செய்த பிழையென்றால் பிடித்து வைத்து நாலு கிழி கிழித்திருப்பாள். தன்னைத்தானே எங்கே கொண்டுபோய்க் கிழிப்பது?

முப்பத்தாறு படங்கள். எண்பத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதம் ஸ்பெயினில் அவளே எடுத்தவை. அகதியாக வந்து குடியிருக்கிற பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், மூன்றாம் மாடி அறைக் கட்டிலில் அத்தனையையும் பரப்பி வைத்துக்கொண்டு, சோதனைச் சாவடி ஆமிக்காரன் மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். தங்கை பேர்ளி நீச்சலுடுப்போடு தண்ணீருக்குள் நின்று சிரிக்கிற படம்: எடு வெளியே. பேர்ளி வீதியில் ஸ்பானியக் கிழவிகளோடு கைதட்டி ஆடுகிற படம்: பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, எடு வெளியே. அவளுடைய கையில் கண்ணாடிக் குவளை இருக்கிற படம்: உள்ளே இருந்தது தோடம்பழச் சாறுதான், ஆனால் எந்தச் சனம் நம்பும்? எடு வெளியே. கடற்கரையில் மாதா சுருவத்தின் அருமையான படம் ஒன்று. அதன் ஓரத்தில் மேலாடையில்லாமல் ஒரு வெள்ளைக்காரி மல்லாந்து படுத்திருந்தாள். கத்தரிக்கோலை எடுத்து வெட்டி மாதாவை மட்டும் காப்பாற்றினாள்.

மிஞ்சிய இருபத்திரண்டை அல்பத்தில் ஒட்டினாள். பதினேழாவதாக வந்தது அவளுடைய புருசன் பத்திநாதர் தோளில் கயிறு போட்டு நிற்கிற படம். சேட்டுப் போட்டிருந்தார், முகம் தெளிவாயிருந்தது, பக்கத்தில் அரைகுறை உடுப்போடு ஒருத்தியும் இல்லை. நல்ல படம் என்று நினைத்து ஒட்டினாள். நல்ல படமாம், நல்ல படம்! மூளை எங்கே மேயப் போயிருந்ததோ.

அல்பம் மரியரட்ணத்துக்குக் காட்டுவதற்காக. இரண்டு தெரு தள்ளி அரிசி, தேங்காய், மீன், பாட்டுக் கசெற் எல்லாம் விற்கிற கடை மரியரட்ணத்தினுடையது. அவனுடைய தம்பி யேசுரட்ணம் பேர்ளியைக் கேட்டிருந்தான். தமிழ்ப் பூசைக்கு வருகிற இடத்தில் பார்த்துப் பழகி, பெந்தகொஸ்தே முடிந்த கையோடு பெரியவர்கள் கதைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. பேர்ளிக்கு இருபத்தேழு வயது. ஒரு சலவைக்கடையில் நாள் முழுக்கத் துணி அழுத்துகிறாள். கலியாணக் கதை தொடங்கிய நாளிலிருந்து வீட்டிலும் பாட்டுப் பாடிக்கொண்டே அழுத்துகிறாள். கண்ணை மூடமுதல் இவளை ஒரு நல்ல இடத்தில் பார்க்கவேண்டும் என்று ஊரிலிருந்து தாய் எழுதாத கடிதமில்லை. கோயில் பதிவு எப்போது என்று சொல்வது மட்டும்தான் மிச்சம். அதற்குள் ஸ்பெயினுக்கு விடுமுறை வக்கான்ஸ் போய் வந்த குடும்பம் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு மதிப்பு ஏறட்டுமே என்றுதான் அற்புதராணி அல்பத்தைக் காவிக்கொண்டு போனாள்.

அந்த வக்கான்ஸும் அவர்களாகத் தேடிப் போனதில்லை. அவர்கள் இருந்த கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற கொன்சியேர்ஜ் ஒரு ஸ்பானியக்காரி, டொலோரெஸ் என்று பெயர். முதல் இரண்டு வருடம் மீன்குழம்பு மணக்கிறது என்று கதவைத் தட்டிச் சண்டை பிடித்தாள். மூன்றாம் வருடம் ஒரு கோப்பையோடு வந்து தட்டினாள். அதன்பிறகு சிநேகிதம். மலகாப் பக்கம் கடற்கரையில் அவளுக்கு ஒரு வீடு இருந்தது. "ஏழு வருசமாக இந்த மனுசன் ஒரு நாள் வெயிலில் நின்று நான் பார்க்கவில்லை, கூட்டிக்கொண்டு வா" என்று அற்புதராணியை நச்சரித்தாள்.

அவள் சொன்னது உண்மைதான். பத்திநாதர் ஒரு ரெஸ்ரோறன்ரின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவுகிறார். விடிய இறங்கினால் பொழுதுபட்டுத்தான் ஏறுவார். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி ஊறிக் கை இரண்டும் வெடித்துப்போயிருக்கும். கொன்ஜே எடுங்கோ, நாலு நாள் லீவு போடுங்கோ என்றால், முதலாளி பத்ரோன் ஏதும் நினைப்பான் என்பார். அதிர்ந்து கதைக்க மாட்டார். கோபிக்க வேண்டிய இடத்திலும் கோபிக்க மாட்டார். அவருக்குச் சேர்த்தும் அற்புதராணியே கோபித்துப் பழகிவிட்டாள்.

ஸ்பானிய எம்பசியில் இரண்டு தரம் வரிசையில் நின்று, அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகத்தில் விசா குத்தி வாங்கி, ஒஸ்தெர்லிட்ஸ் ஸ்ரேசனில் ரயிலேறிப் போனார்கள். டொலோரெஸின் ஊர் மீன்பிடிக்கிற ஊர். மூங்கில் குச்சியில் மத்தி மீனைக் கோர்த்து, மணல் நிரப்பிய பழைய வள்ளத்துக்குள் நெருப்பு மூட்டிச் சுட்டார்கள். மத்தியானம் முழு ஊரும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டு, பொழுது சாயத்தான் எழும்பி நாற்காலிகளைத் தூக்கி வீதியில் போட்டுக்கொண்டு கதைத்தது. பேர்ளி இரண்டாம் நாளே நீந்தப் போய்விட்டாள். பத்திநாதரோ சப்பாத்தும் காலுறையுமாக மணலில் குந்தியிருந்து கடலைப் பார்த்தார். குளிக்கேல்லையோ என்று கேட்டால், பிறகு, என்றார். அற்புதராணிக்கு அதுவே ஆத்திரம். இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிக்கொண்டு வந்தால் மனுசன் செத்தவீட்டுக்கு வந்தது மாதிரி இருக்கிறாரே!

ஆடி பதினாறு, கார்மேல் மாதா திருநாள். வெள்ளைச் சேட்டுப் போட்ட ஆண்கள் மாதாவைக் கூட்டோடு தோளில் தூக்கி, இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தில் ஏற்றினார்கள். "அழகி, அழகி" என்று பெண்கள் மாதாவைப் பார்த்துக் கத்தினார்கள். எங்கள் ஊரில் மாதாவை அப்படிக் கூப்பிட்டால் சுவாமியார் காதைத் திருகியிருப்பார். இங்கே சுவாமியாரும் சேர்ந்து கத்தினார். வெடி கொளுத்தி, கடலில் நின்ற வள்ளமெல்லாம் ஊதிக்கொண்டு பின்னால் போயின.

அது முடிய, பழைய வழக்கம் என்று கரையில் நின்று வலை இழுக்கிற விழா. முன்பு அந்த ஊர் பிழைத்த தொழில் அது. இப்போது திருநாளுக்கு மட்டும் இழுக்கிறார்கள், உல்லாசப் பயணிகளும் கயிறு பிடிக்கலாம். ஜெர்மன்காரனும் இங்கிலீஸ்காரனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சிரித்து விழுந்தார்கள். வலை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டு போனது.

பத்திநாதரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழும்பினார். சப்பாத்தைக் கழற்றி எறிந்தார், உண்மையாகவே எறிந்தார், ஒன்று அற்புதராணியின் மடியில் வந்து விழுந்தது. ஓடிப்போய்க் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாகக் காலை ஊன்றி, அம்பா பாடத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையில் அவரும் அவருடைய தகப்பனும் வலை இழுக்கும்போது பாடியது. ஏழு வருடமாக நிலத்துக்குக் கீழே கிடந்த அந்தக் குரலா இது! நாற்பது பேர் மொழி விளங்காமலே அந்தத் தாளத்துக்குக் கால் வைத்து இழுத்தார்கள். வலை நிமிர்ந்தது. வலையின் மடி நிறைய மீனோடு கரை சேர்ந்தது. வலைக்காரக் கிழவன் தன்னுடைய ஓலைத் தொப்பியைக் கழற்றிப் பத்திநாதரின் தலையில் வைத்து, இரண்டு கன்னத்திலும் கொஞ்சினான். அற்புதராணி அழுதுகொண்டே கமராவை அமத்தினாள்.

அன்றைக்குப் பிறகு பத்திநாதரைக் கரையில் காணவில்லை. விடியக் கடலுக்குள் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவார். மிச்ச நாளெல்லாம் சிரித்தபடி திரிந்தார்.

லா சப்பலுக்குத் திரும்பி வந்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் அல்பத்தோடு கடைக்குப் போனபோதும் அந்தச் சிரிப்புக் கொஞ்சம் மிச்சமிருந்தது.

மரியரட்ணம் கதிரை இழுத்துப் போட்டான், தேத்தண்ணி வரவழைத்தான். யேசுரட்ணம் கொஞ்சம் தள்ளி நின்று பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுத் திரும்பவும் வெட்டினான். மரியரட்ணம் ஒவ்வொரு பக்கமாகப் பிரட்டினான். மாதாவின் படத்தைத் தொட்டுக் கொஞ்சினான். "பெரிய இடமெல்லாம் போய் வந்திருக்கிறியள், அக்கா" என்றான். அற்புதராணிக்கு உச்சி குளிர்ந்தது. பதினேழாவது படத்தில் அவனுடைய விரல் நின்றது.

"பத்திநாதர் அண்ணை, இதென்ன கோலம்? தோளிலை கயிறு!"

பத்திநாதரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அது கரைவலை, தம்பி. அவங்களும் எங்களைப்போலைதான் இழுக்கிறாங்கள். ஆனா வந்த சனம் கண்டபடி இழுக்க வலை சரிஞ்சு போச்சு. இரண்டு பக்கமும் ஒண்டாய் வரவேணுமெல்லோ, இல்லாட்டி மடிக்குள்ளை இருக்கிற மீன் முழுக்க வெளியிலை ஓடிப்போம். நான் போய் அம்பா பாடித்தான்..."

அற்புதராணி மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தாள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

"எங்களைப்போலையோ?" என்றான் மரியரட்ணம். அல்பத்திலிருந்து கையை எடுத்தான். "யாழ்ப்பாணம் ரவுண் எண்டுதானே சொன்னனீங்கள். ரவுணிலை எந்தக் கோயில்?"

யாழ்ப்பாணத்தில் யாரும் யாரிடமும் சாதி என்னவென்று கேட்பதில்லை. அது மரியாதைக் குறைவாம். எந்தக் கோயில் என்பார்கள். எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஒழுங்கை, யாருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள் என்பார்கள். நாலாவது கேள்வியில் ஆளை முழுக்க அளந்து முடித்துவிடுவார்கள். கடல் தாண்டி, இரண்டு விமானம் மாறி, காட்டுப்பாதையால் எல்லை கடந்து வந்த சனம், வெறுங்கையோடு வந்தோம் வெறுங்கையோடு வந்தோம் என்று புலம்புகிற சனம், இந்த அளவுகோலை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

"அந்தோனியார் கோயில்" என்றார் பத்திநாதர்.

"எந்த அந்தோனியார்? கடற்கரைப் பக்கமோ?"

பத்திநாதர் குனிந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். மரியரட்ணத்தின் ஆட்கள் வலிகாமத்தில் புகையிலைத் தோட்டக்காரர். இருவரும் ஒரே வேதம், ஒரே பூசை, நற்கருணை வாங்குகிற நாக்கும் ஒன்றுதான். கலியாணம் என்று வந்தால் மட்டும் கடற்கரை வேறு, தோட்டம் வேறு. ஆனால் கிழமைக்கொரு தரம் பெரிய சந்தைக்கு மீன் வாங்கப் போகும்போது, "அண்ணையின்ரை கண் பட்ட மீன் பழுதாகாது" என்று பத்திநாதரைக் கடை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவனும் இதே மரியரட்ணம்தான். அந்தக் கண் எந்தக் கரையில் பழகியது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லையாக்கும்.

மரியரட்ணம் தொண்டையைக் கனைத்தான். கெட்டவனில்லை. கெட்டவனாயிருந்தால் சுலபமாயிருந்திருக்கும். "சரி, வந்த சனமெல்லாம் இழுத்ததெண்டுதானே சொல்லுறியள். நீங்களும் விளையாட்டுக்கு ஒருக்கா பிடிச்சுப் பாத்திருப்பியள். அப்பிடித்தானே, அக்கா?"

கதவைத் திறந்து விட்டான். ஒரு சொல் போதும். பேர்ளி பாடிக்கொண்டு துணி அழுத்துவது அற்புதராணியின் காதில் கேட்டது.

"ஓம்" என்றாள். "விளையாட்டுக்குத்தான்."

பத்திநாதர் அவளைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு மரியரட்ணத்தைப் பார்த்து, "ஓம் தம்பி, விளையாட்டுக்குத்தான்" என்றார். வெடித்த கைகள் இரண்டையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மிச்சமிருந்த சிரிப்பும் போய்விட்டது.

அதோடு விட்டிருந்தால் அற்புதராணி அந்தப் பொய்யை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். மரியரட்ணம் விடவில்லை. அல்பத்தின் மேல்தாளை விலக்கி, பதினேழாவது படத்தை நகத்தால் கிண்டி எடுத்தான். "அல்பத்தை எங்கடை அம்மாவுக்கு ஊருக்கு அனுப்பவேணும். அவ இதைக் கண்டால் பிழையா விளங்கிக்கொள்ளுவா. இது வேண்டாம், அண்ணை. கிழிச்சுப்போடுங்கோ" என்று பத்திநாதரிடமே நீட்டினான்.

அந்த மனுசன் வாங்கினார். வாங்கி, ஓலைத் தொப்பியோடு சிரித்துக்கொண்டு நிற்கிற தன்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் கிழிக்கப் பிடித்தார்.

"நிப்பாட்டுங்கோ!"

கத்தியது தான்தான் என்று அற்புதராணிக்குப் பிறகுதான் தெரிந்தது. படத்தைப் பறித்தாள்.

"மரியரட்ணம், இஞ்சை பாரும். இவர் விளையாட்டுக்கு இழுக்கேல்லை. இவற்றை தொழில் அது. இவற்றை அப்புவின்ரை தொழில். என்ரை ஐயாவும் அதுதான் செய்தவர், அந்தக் காசிலைதான் நானும் பேர்ளியும் படிச்சனாங்கள். நான் இப்ப சொன்னது பச்சைப் பொய். சொன்ன வாயைக் கழுவவேணும்!"

"அக்கா, மெல்லக் கதையுங்கோ..."

"என்னத்துக்கு மெல்ல? ஏழு வருசமா ஆரோ எவரோ திண்ட எச்சில் கோப்பையைக் கழுவுறார், அது உமக்குக் குறைச்சலாத் தெரியேல்லை. சம்பந்தத்துக்குச் சம்மதிச்சனீர். தன்ரை தொழிலை ஒரு நாள், ஒரேயொரு நாள், தலை நிமிந்து செய்தது உமக்குக் குறைச்சலோ? அதையும் அவற்றை கையாலையே கிழிக்கச் சொல்லுறீர்! உமக்கு மீன் தெரிஞ்சு தரேக்கை அந்தக் கை இனிச்சதோ?"

சாமான் வாங்க வந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மரியரட்ணத்தின் முகம் கறுத்தது. "கடைக்குச் சனம் வருகுது, அக்கா. நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்" என்றான்.

யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இல்லை என்பதை எங்கள் சனம் அப்படித்தான் சொல்லும்.

வீட்டுப் படியேறும்போது பத்திநாதர், "பிள்ளையின்ரை சீவியத்தைக் கெடுத்துப்போட்டம்" என்றார்.

பேர்ளி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். கேட்டு முடிய, அழுத்திக்கொண்டிருந்த சேட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள்.

"உங்களை ஆரக்கா அல்பம் காட்டச் சொன்னது? ஆர் பெருமை அடிக்கச் சொன்னது? நான் குளிக்கிற படத்தை ஒளிச்சு வைக்கத் தெரிஞ்ச உங்களுக்கு..."

"அதுதான் எனக்கும் பத்திக்கொண்டு வருகுது. ஏசு, நல்லா ஏசு."

"பிறகு ஏன் பொய் சொன்னனீங்கள்? ஆர் உங்களிட்டைப் பொய் கேட்டது?"

"உனக்காண்டித்தானே சொன்னனான்! கலியாணம் குழம்பிப்போமெண்டு."

"எனக்கு ஒரு பொய்யும் தேவையில்லை. யேசுரட்ணத்துக்கு எல்லாம் தெரியும்." பேர்ளிக்கு மூச்சு வாங்கியது. "ஈஸ்ரருக்கு முந்தின தபசு காலத்திலையே நான் சொல்லிப்போட்டன். ஸ்ராலின்கிராட் மெட்ரோ ஸ்ரேசனிலை வைச்சு. எந்தக் கோயில், எந்த ஒழுங்கை, ஐயா என்ன செய்தவர், அத்தான் என்ன செய்தவர், எல்லாம். அதுக்கென்ன, எனக்கு ஒண்டுமில்லை, நேரம் வரேக்கை நான் அண்ணையோடை கதைக்கிறன் எண்டு சொன்னவர்."

அற்புதராணி கட்டிலில் இருந்துவிட்டாள். "எல்லாம் தெரியுமோ?"

"ஓம். அவர் கடையிலை நிக்கேல்லையோ?"

"நிண்டவன்."

"அப்ப என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அத்தானைப் படத்தைக் கிழிக்கச் சொல்லேக்கை?"

"பூசணிக்காய் வெட்டிக்கொண்டு நிண்டவன்."

பேர்ளி மின்னழுத்தியை நிறுத்தி, வயரைச் சுவரிலிருந்து கழற்றி, செருப்பைப் போட்டாள். வேண்டாம் பிள்ளை என்று பத்திநாதர் மறித்தார். "விடுங்கோ அத்தான்" என்றாள். அற்புதராணி பின்னால் ஓடினாள்.

கடையில் இப்போது ஏழெட்டுச் சனம் நின்றது. பேர்ளி நேரே பூசணிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"யேசுரட்ணம், தபசு காலத்திலை நான் உங்களுக்கு மெட்ரோவிலை என்ன சொன்னனான்? உங்கடை அண்ணைக்குச் சொல்லுங்கோ."

யேசுரட்ணம் தமையனைப் பார்த்தான். "பிறகு கதைப்பம், பேர்ளி."

"பிறகில்லை. இப்ப."

"டேய், உனக்கு முந்தியே தெரியுமோ?" என்றான் மரியரட்ணம்.

முப்பது வயது ஆண்பிள்ளை. தோளளவு உயரத்துக்கு அரிசி மூட்டை தூக்குகிறவன். கத்தியைக் கீழே வைத்தான். திரும்ப எடுத்தான். "இல்லை அண்ணை" என்றான். "சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியாது. இவ அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை."

அற்புதராணிக்குக் கை குறுகுறுத்தது. பேர்ளி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மரியரட்ணம் அண்ணை, உங்களிலை எனக்கிருக்கிற கோவம் வேறை" என்றாள். "அது ஊரிலையிருந்து வந்த கோவம், அது கிடக்கட்டும். நீங்கள் மனசிலை இருக்கிறதை வாய்விட்டுச் சொன்னியள். இவர் எல்லாம் தெரிஞ்சுகொண்டு, எங்கடை அத்தான் தன்ரை முகத்தைத் தானே கிழிக்கப் பிடிக்கேக்கை, பாத்துக்கொண்டு நிண்டவர்." யேசுரட்ணத்தின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு உங்கடை அண்ணை என்னைக் கிழிச்சாலும் நீங்கள் பூசணிக்காய்தான் வெட்டுவியள்."

வரிசையில் நின்ற ஒரு மனுசி தன் கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே போனாள்.

தெருவுக்கு வந்ததும் அற்புதராணி ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயெடுத்தாள். ஆறுதலா, மன்னிப்பா, அவனை நாலு வார்த்தை திட்டுவதா, எது முதலில் என்று தெரியவில்லை.

"பேசாமல் வாங்கோ, அக்கா" என்றாள் பேர்ளி. "இப்ப ஆரும் என்னோடை கதைச்சால் கடிச்சுப்போடுவன்."